இஞ்சாரும்

ஹெல்மெட்டைத் தலையில் மாட்டினால் மட்டும்தான் அவருக்குக் கதை வரும். கழற்றிவிட்டால் அவ்வளவுதான். ‘ஓம்’, ‘இல்லை’, ‘பரவாயில்லை’ என்ற மூன்று சொல்லை வைத்துக்கொண்டு ஒரு நாளையே ஓட்டிவிடுவார். அந்த ஓமிலும் பல ஓம் இருந்தது. குரல் இறங்கினால் சம்மதம். இழுத்தால் சம்மதமில்லை. மூக்கால் வந்தால் ‘போதும் பிள்ளை, விடுங்கோ’ என்று அர்த்தம். இதைக் கண்டுபிடிக்கவே எனக்கு இரண்டு மாதம் எடுத்தது.

வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்குகிற ஓர் ஒழுங்கையில், தையல் கடைக்கு மேல்மாடியில் என் எடிட்டிங் அறை இருக்கிறது. கலியாணம், சாமத்தியச் சடங்கு, பிறந்தநாள் என்று வருகிற வீடியோக்களை வெட்டி ஒட்டிக் கொடுப்பது என் தொழில். பிறந்து வளர்ந்தது ஜிந்துப்பிட்டி. வாய் கொஞ்சம் நீளம். அதை மறைத்து என்ன ஆகப்போகிறது, இந்தக் கதையில் நடந்த பிழையெல்லாம் என் வாயாலும் என் கையாலும் நடந்ததுதான்.

அவர் முதல்முறை வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. கையில் ஒரு சின்னப் பெட்டி. துறைமுகத்தில் வந்திறங்கும் சாமான்களைக் கிளியர் பண்ணிக் கொடுக்கும் கம்பனி ஒன்றில் முப்பது வருடத்துக்கு மேல் கிளார்க்காக இருந்து, அந்த மாதம்தான் ஓய்வு பெற்றிருந்தார். கொட்டாஞ்சேனை வீட்டிலிருந்து வேலைக்குப் போனதும் வந்ததும் பைக்கில்தான். கடைசி நாளில் அலுவலகத்துப் பொடியன்கள் கேக் வெட்டி, ஹெல்மெட்டில் ஒட்டுகிற கமரா ஒன்றைப் பரிசாகக் கொடுத்திருக்கிறார்கள். வாய் திறக்காத மனுஷனுக்குக் கதைக்கிறவர்களின் சாமான். பொடியன்களுக்கு அது பகிடி. அவர் அதைப் பகிடியாக எடுக்கவில்லை. பெட்டியை என் மேசையில் வைத்து, “பிள்ளை, இது எப்பிடித் தொடங்கிறது?” என்று கேட்டார். ஹெல்மெட் இல்லாமல் அவர் என்னிடம் சொன்ன நீளமான வசனங்களில் அதுவும் ஒன்று.

மோட்டார் சைக்கிள் வீடியோவில் நான் பெரிய ஆள் இல்லை. ஆனால் கமராவை ஒட்டிக்கொண்டு ஊர் சுற்றுகிற பொடியன்கள் சிலருக்கு எடிட் பண்ணிக் கொடுத்ததில், புதிதாகத் தொடங்குகிறவர்கள் விடுகிற பிழையெல்லாம் எனக்கு அத்துபடி. உச்சந்தலையில் ஒட்டினால் பாதிக்கு வானம்தான் வரும். நாடிக்கு நேரே ஒட்ட வேண்டும். மைக்கை வெளியே விட்டால் காற்று இரையும். கன்னத்துப் பஞ்சுக்குப் பின்னால் செருகி, மேலே ஒரு ஸ்பொஞ்சுத் துண்டு வைக்க வேண்டும். நான் ஒட்டுவதை அவர் பக்கத்தில் நின்று, கப்பல் கடதாசி வாசிக்கிற மாதிரிக் குனிந்து பார்த்தார்.

எல்லாம் முடிந்ததும், என்னத்தைக் கதைக்கிறது என்று கேட்டார். எல்லாருக்கும் வருகிற கேள்விதான். எல்லாருக்கும் சொல்கிற பதிலையே அவருக்கும் சொன்னேன்.

“பின் சீட்ல ஒருத்தர் உக்காந்து வர்றாங்கன்னு நெனச்சுக்கோங்க அங்கிள். அவங்ககிட்ட ரோட்டக் காட்டிக் கதையுங்க.”

அவர் ஓம் என்றார். பட்டனை நானே அமத்திவிட்டேன். தெஹிவளைப் பாலம் வரை போய்த் திரும்பி வரும்படி அனுப்பிவிட்டு, இந்த மனுஷன் ரெண்டு இருமல், ஒரு ஹோர்ன் சத்தத்தோடு வருவார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வந்தவர் ஒன்றும் சொல்லாமல் ஹெல்மெட்டைத் தந்தார். கார்டைப் போட்டுப் பார்த்தால், அரை மணி நேரம் வாய் ஓயாத கதை. என் வாயே தோற்றுவிடும்.

“இஞ்சாரும்,” என்றுதான் தொடங்கியிருந்தார். “இஞ்சாரும், இந்த மூலையைப் பாரும். முந்தி இதில ஒரு சாரிக் கடை. நீலச் சாரி ஒண்டு எடுத்து, கரை பழுதெண்டு திருப்பிக் குடுக்க வந்து, அந்தக் கடைக்காரன் மாத்தமாட்டன் எண்டு நிண்டவன். கடைசியா அவனே பயந்துபோய் ரெண்டு சாரி தூக்கித் தந்தான். ஞாபகமோ?” பிறகு கொஞ்ச தூரம் சத்தமில்லை. பிறகு மறுபடியும், “இஞ்சாரும், கடல் மணம் வருது. முகத்தை மூடிக்கொள்ளும். பிறகு தலையிடிக்குது எண்டு சொல்லுவீர்.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பார்க்கிற சனத்துக்கு இந்த ஆளின் சாரிக் கடை எப்படி ஞாபகம் இருக்கும்? கடல் மணத்துக்கு அவர்கள் ஏன் முகத்தை மூட வேண்டும்? எங்கள் வீட்டில் அப்பா அம்மாவைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார், கோபம் வந்தால் ‘ஏய்’ என்பார். யாழ்ப்பாணத்து ஆட்களின் ‘இஞ்சாரும்’ என் காதுக்குப் பழக்கமில்லை. ‘இங்கே பாரும்’ என்பதைத்தான் அப்படிச் சுருக்குகிறார் என்று மட்டும் விளங்கியது. கொஞ்சம் அதட்டலாகவும் பட்டது.

“பாக்கிற ஆட்கள இஞ்சாரும்னு கூப்பிடாதீங்க அங்கிள். ‘வணக்கம் உறவுகளே’ன்னு தொடங்குங்க. சொந்தக் கதையெல்லாம் வேணாம். மைலேஜ் எவ்வளவு, டயர் எப்படி, ரோடு எப்படி, அதச் சொல்லுங்க. முதல் பதினஞ்சு செக்கன்ல ஆளப் பிடிக்கலன்னா போயிடுவாங்க.”

இழுத்த ஓம் ஒன்று வந்தது. அப்போது எனக்கு ஓம்கள் பிடிபடவில்லை.

அவருடைய சனல் இன்றைக்கும் இருக்கிறது. ஏழே ஏழு வீடியோ. ஒவ்வொன்றும் எட்டு நிமிடம், பத்து நிமிடம். எல்லாவற்றிலும் ‘வணக்கம் உறவுகளே’ என்று பள்ளிக்கூடத்தில் அறிவித்தல் வாசிக்கிற பிள்ளை மாதிரித் தொடங்கி, டயரில் காற்று எவ்வளவு இருக்க வேண்டும் என்று சொல்லி, ‘நன்றி’ என்று முடிப்பார். போன வருடம் அதில் ஒன்றின் கீழே யாரோ உறவுக்காரர், அவர் வவுனியாவில் தமக்கை வீட்டில் காலமாகிவிட்டார் என்று எழுதியிருந்தார். எனக்குத் தெரியவந்ததே அப்படித்தான். அதற்குக் கீழேயே இன்னொருவர், இந்த பைக்குக்கு ஒரு லீற்றருக்கு எவ்வளவு ஓடும் என்று கேட்டிருந்தார். அன்று முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை.

ஏழு வீடியோவுக்காக அவர் ஓடிய ஓட்டம் கொஞ்சநஞ்சமல்ல. ஒவ்வொரு ஞாயிறும் கார்டோடு வருவார். கம்பியூட்டர் அவரிடம் இல்லை. நான் கார்டை என் டிஸ்க்கில் இறக்கி, கார்டைத் துடைத்து வெறுமையாக்கித் திருப்பிக் கொடுப்பேன். அதைப் போட்டுக்கொண்டு மறுபடியும் போவார். முகத்துவாரத்தில் வலை காய்கிற இடம், ஜிந்துப்பிட்டிச் சந்தியில் தேர்க்காலத்து நெரிசல், ஜம்பட்டா வீதி என்று ஓரிடம் விடவில்லை. எல்லா இடத்திலும் முதல் ஐந்து நிமிடம் டயரும் மைலேஜும். பிறகு தன்னை மறந்துவிடுவார். குரல் மாறும். “இஞ்சாரும்...” என்று தொடங்குவார். நான் வெட்டத் தொடங்குவேன். ஒரு மணி நேரத்தில் எட்டு நிமிடம் மிஞ்சும். வெட்டியதை வைத்திருக்கிற வழக்கம் எனக்கில்லை. டிஸ்க்கில் இடம் வேண்டுமே.

ஒருமுறை கொள்ளுப்பிட்டியில் டிராஃபிக் பொலிஸ்காரர் மறித்துவிட்டார். அது கார்டில் முழுசாக இருந்தது. ஹெல்மெட்டுக்குள்ளிருந்து பேச்சுச் சத்தம் வருவதைக் கேட்டுவிட்டு, பைக் ஓட்டிக்கொண்டே போனில் கதைக்கிறார் என்று பிடித்திருக்கிறார். “காத் எக்கத கதா கரன்னே?” யாரோடு கதைக்கிறாய் என்று சிங்களத்தில் கேட்கிறார். இவர் கொஞ்சமும் யோசிக்காமல், “நோனா எக்க, சேர்” என்கிறார். மனுஷியோடு. பொலிஸ்காரர் போனைக் காட்டச் சொல்கிறார். போன் காற்சட்டைப் பையில் அணைந்து கிடக்கிறது. பின் சீட்டையும் எட்டிப் பார்க்கிறார். யாருமில்லை. கொஞ்ச நேரம் இவர் முகத்தையே பார்த்துவிட்டு, மெதுவாகப் பார்த்துப் போகும்படி சொல்லி அனுப்பிவிடுகிறார். நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். அங்கிள் பெரிய கள்ளன், அந்த நேரத்தில் என்ன சாட்டுச் சொல்லித் தப்பியிருக்கிறார் பாருங்கள் என்று தையல் கடை அக்காவைக் கூப்பிட்டும் காட்டினேன். அவர் கதிரையில் இருந்தபடி மூக்கால் ஓம் என்றார்.

அவர் விட்ட பெரிய பிழை பட்டனில். அந்தக் கமராவுக்கு ஒரே ஒரு பட்டன்தான். ஒருமுறை அமத்தினால் எடுக்கத் தொடங்கும், மறுமுறை அமத்தினால் நிற்கும். இவர் வீட்டில் வைத்தே, வேலை செய்கிறதா பார்ப்போம் என்று ஒருமுறை அமத்துவார். அங்கேயே அது தொடங்கிவிடும். பிறகு கீழே இறங்கி, பைக்கை ஸ்டார்ட் பண்ணி, இப்போது தொடங்குகிறேன் என்று நினைத்து மறுபடியும் அமத்துவார். நின்றுவிடும். கொட்டாஞ்சேனையிலிருந்து கல்கிசை வரை ஊமைக் கமராவோடு கதைத்துக்கொண்டு போய்வந்து, வீட்டு வாசலில், நிற்பாட்டுகிறேன் என்று இன்னொருமுறை அமத்துவார். அது மும்முரமாகத் தொடங்கிவிடும். ஹெல்மெட்டைச் சாப்பாட்டு மேசையில் வைப்பார். பற்றரி சாகும் வரை வீட்டைப் பார்த்துக்கொண்டே இருக்கும்.

ஆக, பாதிக் கார்டில் ரோடே இருக்காது. பூப்போட்ட பிளாஸ்ரிக் மேசைவிரிப்பு. சுவரில் பிள்ளையார் கலண்டர். தண்ணிப்பானை. அதன் மேல் கவிழ்த்த பித்தளைச் செம்பு. குசினி வாசல், அதில் போகிற வருகிற ஒரு பெண்ணின் சேலை. அவர் மனைவி. பிள்ளைகள் இல்லை, இரண்டு பேரும்தான். நான் அதையெல்லாம் எட்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்டு, ரோடு வருகிறதா என்று பார்ப்பேன். வராது. எரிச்சலாக வரும்.

“ஒரு ‘பீப்’னா தொடங்குது, ரெண்டு ‘பீப்’னா நிக்குது. காதுல விழலயா அங்கிள்? வீட்ட எடுத்து யாருக்குக் காட்டப் போறீங்க? என் டிஸ்க்கு நிறைய உங்க வீட்டுச் சாப்பாட்டு மேசைதான் கிடக்குது.”

அந்தப் பஞ்சுக்குள் பீப் கேட்காது என்று எனக்கும் தெரியும். ஆனாலும் ஏசினேன். அவர் பரவாயில்லை என்றார். எது பரவாயில்லை என்று நான் கேட்கவில்லை.

முதல் வீடியோ சனலில் ஏறியதும் மனைவிக்குக் காட்டியிருக்கிறார். அன்ரிக்குப் பிடித்ததா என்று கேட்டேன். “பாத்தவ. டயரைப் பற்றியெல்லோ கதைக்கிறீங்கள் எண்டவ” என்றார். அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு, பார்த்தீர்களா, நான் சொன்னது சரிதானே என்று பெருமையடித்தேன்.

ஒரு ஞாயிறு வந்தார். கார்டைத் தரவில்லை. கதிரையில் இருந்தார். நான் ஒரு கலியாண வீடியோவில் தாலி கட்டுகிற இடத்தை ஒட்டிக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் ஒரு ‘டிக்’ சத்தம். திரும்பிப் பார்த்தால், மனுஷன் அறைக்குள், ஃபேனுக்குக் கீழே, பிளாஸ்ரிக் கதிரையில் ஹெல்மெட்டை மாட்டிக் கண்ணாடியையும் இறக்கிவிட்டு இருக்கிறார். எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. எங்கே புறப்பாடு அங்கிள், ரொக்கெட்டிலா என்று கேட்டேன்.

உள்ளே இருந்து குரல் வந்தது. “பிள்ளை, வீட்டில அவவுக்கு வயித்தில கட்டியாம். முத்திப்போச்செண்டு சொல்லுகினம். வெட்டேலாதாம்.”

சிரித்த வாயை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. எழுந்து போய்ப் பிளேன்டீ ஊற்றினேன். ஹெல்மெட்டைக் கழற்றினால்தானே குடிக்கலாம். அவர் கழற்றவில்லை. டீ ஆறி, அப்படியே இருந்தது. நான் திரும்பிப்போய்த் தாலி கட்டுகிற இடத்தையே ஒட்டிக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகும் கார்டுகள் வந்தன. ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக ஓடுகிற ஓட்டத்திலும் கமரா நாடியில் ஒட்டித்தான் இருந்தது. பட்டன் பிழைப்பதும் நிற்கவில்லை. நான் ஏசுவதை மட்டும் நிறுத்தியிருந்தேன். ஏசாமல் இறக்கி, கார்டைத் துடைத்துக் கொடுத்தேன். அந்த மாதங்களில் எனக்குக் கலியாண சீசன். ஒரே வாரத்தில் நாலு வேலை. டிஸ்க் நிறைந்து சிவப்புக் காட்டியது. எதை எடுப்பது என்று பார்த்தேன். அவருடைய ஃபோல்டர்தான் பெரிது, அதில் ரோடு வருமா என்று பார்த்து அப்படியே விட்டுவைத்த வீட்டுக் காட்சிகள்தான் முழுக்க. ஒரு கிளிக். ‘நிச்சயமா?’ என்று அது என்னைக் கேட்டது. நிச்சயம் என்று அமத்தினேன்.

அன்ரி செத்தது அதற்கு மூன்று வாரத்துக்குப் பிறகு.

கொட்டாஞ்சேனையில் அந்த வீட்டுக்கு அன்றுதான் முதல்முறை போனேன். இரண்டாம் மாடி. கதவுக்கு உள்ளே கால் வைத்தேன். எல்லாம் தெரிந்த இடம். பூப்போட்ட மேசைவிரிப்பு. பிள்ளையார் கலண்டர். குசினி வாசல். யாரோ ஒரு கிழவி தண்ணி கேட்டார். நான் யோசிக்காமல் நேரே போய்ப் பானையில் கவிழ்த்திருந்த செம்பை எடுத்து மொண்டு கொடுத்தேன். நீங்கள் யார், சொந்தக்காரியா என்று பக்கத்து வீட்டு மனுஷி கேட்டார். இல்லை என்றேன். அன்ரியை எனக்குத் தெரியாது என்றேன். எட்டு மடங்கு வேகத்தில் ஓடிய ஒரு சேலையைத்தான் எனக்குத் தெரியும். அதை யாரிடம் சொல்ல?

அந்த மனுஷிதான் கதை சொன்னார். முந்தியெல்லாம் புருஷனும் மனைவியும் பைக்கில்தான் எங்கும் போவார்களாம். அவர் வாய் திறக்காமல் ஓட்ட, பின்னால் இருந்து அன்ரிதான் வழி முழுக்கக் கதைப்பாராம். ஒழுங்கையில் திரும்பும் முன்பே அன்ரியின் குரல் கேட்குமாம். பிறகு முதுகு நோவு வந்து, பைக்கில் ஏறக் கூடாது என்று டாக்டர் சொல்லி, பத்து வருடமாக ஏறவேயில்லையாம்.

நான் கேட்டுக்கொண்டிருந்தேன். அப்போது வாசலில் ஒரு கிழவர், ஊரிலிருந்து வந்தவர் போல, தன் மனைவி படியேறி வருவதைப் பார்த்து மெல்லச் சொன்னார்.

“இஞ்சாரும், செருப்பை உதில விட்டிட்டு வாரும்.”

நான் அந்தக் கிழவரைப் பார்த்தேன். அந்தக் கிழவியைப் பார்த்தேன். வீட்டுக்கு நடுவில் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் ஹெல்மெட் இல்லாத தலையோடு, ஒரு சொல்லும் இல்லாமல் இருந்தவரைப் பார்த்தேன்.

பின் சீட்டில் ஒருவர் இருக்கிறார் என்று நினைத்துக்கொள்ளுங்கள் என்று சொன்னவள் நானேதான். அவர் அப்படியே செய்திருக்கிறார். சாரிக் கடை, கடல் மணம், முகத்தை மூடிக்கொள்ளும், ஞாபகமோ, எல்லாம் ஒரே ஆளுக்கு. பொலிஸ்காரரிடம் சொன்னதும் சாட்டு இல்லை, சத்தியம். அத்தனை வருடம் பின்னால் இருந்து கதைத்தவருக்கு இந்த மனுஷன் கடைசியாகப் பதில் சொல்லத் தொடங்கியிருக்கிறார். நான் அதையெல்லாம் வெட்டிவிட்டு, அன்ரிக்கு டயரைக் காட்டியிருக்கிறேன். அந்தச் செத்தவீட்டில் நான் அழுத அழுகையைப் பார்த்துப் பக்கத்து வீட்டு மனுஷி என்னைச் சொந்தக்காரி என்றே முடிவு கட்டிவிட்டார்.

இரண்டு மாதம் கழித்து அவர் வந்தார். ஞாயிற்றுக்கிழமைதான். ஹெல்மெட்டில் கமரா இல்லை, ஒட்டிய இடத்தில் பசை மட்டும் இருந்தது. கதிரையில் இருந்து, ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு, கேட்க வந்ததைக் கேட்க வெகுநேரம் எடுத்தார்.

“பிள்ளை, நான் பட்டனை மாறி அமத்தினதுகள் இருக்குமெல்லோ. வீட்டில எடுபட்டது. அதுகளில அவவின்ர குரல் கிடக்கும். படம் இருக்கு. குரல்தான் ஒரு இடத்திலயும் இல்லை.”

போனில் குரல் அனுப்புகிற ஆள் இல்லை அன்ரி. ஒரே வீட்டில் இருக்கிற புருஷனுக்கு யார் அனுப்புவார்கள்? அவர் கேட்டது நியாயம். நான் அந்த இடத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். “தேடிப் பாக்கிறேன் அங்கிள், நிறைய டிஸ்க் இருக்கு” என்றேன்.

அடுத்த ஞாயிறும் வந்தார். அதற்கடுத்த ஞாயிறும். நான் கம்பியூட்டரில் யாரோ வீட்டுக் கலியாண ஃபோல்டர்களைத் திறந்து திறந்து மூடுவேன். அவர் பின்னால் இருந்து திரையையே பார்த்துக்கொண்டிருப்பார். கிடைக்கவில்லை என்றால் பரவாயில்லை என்று சொல்லிவிட்டு எழுந்து போவார். இடைப்பட்ட நாட்களில், அழிந்த ஃபைலை மீட்கிறவர்கள் இரண்டு பேரிடம் டிஸ்க்கைக் கொண்டுபோய்க் கெஞ்சினேன். அதன் மேல் நாலு கலியாணம் ஏறிவிட்டது, ஒன்றும் செய்ய முடியாது என்றார்கள்.

நாலாவது ஞாயிறு, அவர் கதிரையில் இருக்கும் முன்பே சொல்லிவிட்டேன். அழித்துவிட்டேன் அங்கிள், எல்லாவற்றையும், அன்ரி இருக்கும்போதே அழித்துவிட்டேன், தேடியதெல்லாம் பொய் என்று நின்றபடியே கொட்டினேன். அவர் கதிரையில் இருந்தார். கோபப்பட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். குரல் இறங்கிய ஓம் ஒன்று சொன்னார். பிறகு கேட்டார்.

“அழிக்க முந்திப் பாத்தனீங்கள்தானே?”

“கொஞ்சம் பாத்தேன்.”

“அதில அவ என்ன கதைச்சவ?”

எட்டு மடங்கு வேகத்தில் ஓடியவற்றில் நான் நிறுத்திப் பார்த்தது ஒரே ஒரு இடம். அன்ரியின் முகம் கமராவுக்குக் கிட்டே வந்து திரையை நிறைத்ததால் நிறுத்தினேன். நோய் தெரிவதற்கு முந்திய நாட்கள். அவர் குளிக்கப் போயிருக்க வேண்டும், தண்ணி ஊற்றுகிற சத்தம் கேட்டது. அன்ரி ஒரு துணியால் ஹெல்மெட்டின் தூசியைத் துடைத்தார். கமரா ஓடுகிறது என்று அவருக்குத் தெரியாது. துடைத்துக்கொண்டே அதோடு கதைத்தார். எனக்கு அன்று வேடிக்கையாக இருந்தது. சிரித்தேன், அடுத்த ஃபைலுக்குப் போனேன்.

அன்ரி சொன்னது எனக்கு ஒரு சொல் பிசகாமல் ஞாபகம் இருந்தது. அதை இந்த மனுஷனின் முகத்துக்கு முன்னால் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சாதாரணமாக ஏதாவது சொல்லி அனுப்பிவிடலாம் என்று நினைத்தேன்.

“‘சாப்பாடு ஆறுது, வாங்க’ன்னு கூப்பிட்டாங்க அங்கிள்.”

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“வாங்க எண்டோ?”

“ஆமா.”

“அவ ‘வாங்கோ’ எண்டுதான் பிள்ளை சொல்லுறவ.”

குற்றமாகச் சொல்லவில்லை. படிவத்தில் ஓர் எழுத்துப் பிழையைக் கண்ட கிளார்க் மாதிரிச் சொன்னார். அன்ரி வாங்கோ என்றுதான் சொன்னார், நான்தான் என் பாஷையில் மாற்றிச் சொன்னேன் என்று தப்பியிருக்கலாம். அவரும் நம்பியிருப்பார். எனக்கு இனிப் பொய் சொல்லத் தெம்பில்லை. அன்ரி சொன்னதை அன்ரி சொன்ன மாதிரியே சொன்னேன்.

“உங்க ஹெல்மெட்டத் துடைச்சுக்கிட்டு, அதுகிட்டத்தான் அங்கிள் கேட்டாங்க. ‘உன்னோட மட்டும் வழி முழுக்கக் கதைக்கிறாராம். என்ன கதைக்கிறவர்? எனக்கும் ஒருக்காச் சொல்லன்’ அப்படின்னாங்க.”

கீழே தையல் மெஷின் ஓடி நின்றது, மறுபடி ஓடியது. இப்போது ஹெல்மெட்டை மாட்டிவிடுவார் என்று நினைத்தேன். அது மடியிலேயே கிடந்தது.

“என்னட்டைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பன்” என்றார்.

“நீங்க சொன்னீங்கதான் அங்கிள். அத்தனையும் அன்ரிக்குத்தான் சொன்னீங்க. நான்தான் வெட்டிட்டேன்.” கையை நீட்டிக் கம்பியூட்டரைக் காட்டினேன். “நான் வெட்டாம விட்டிருந்தா அன்ரி கேட்டிருப்பாங்க.”

அவர் தலையை ஆட்டினார். என் பக்கம் பார்க்காமல், மூடிக் கிடந்த என் கம்பியூட்டர் திரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

“இல்லைப் பிள்ளை. அவ என்னட்டையும் கேட்டவதான். ஒவ்வொரு நாளும் நான் படியேறி வரேக்க, இண்டைக்கு என்ன கதைச்சனீங்கள் எண்டு கேட்டவ. நான் ஒண்டுமில்லை எண்டு சொன்னனான்.”

பிறகு எழுந்து, கதிரையைச் சுவரோரமாகத் தள்ளிவைத்துவிட்டு, ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி படியிறங்கிப் போனார்.